நாவல் மரத்துக்குப் போட்ட பாலம்

கீழ்ப்பிரிவு, ஊத்துமலைத் தோட்டம்,
வலப்பனை.
18 பெப்ரவரி 2024

மதிப்புக்குரிய ஸில்மியா மிஸ் அவர்களுக்கு,

கவ்வாத்துச்சாமி கோயில் சபையின் செயலாளர் பூரணி எழுதிக்கொள்வது. நீங்கள் போன வருசம் எங்கள் கோயில் நாவல் மரத்தில் பட்டை எடுக்க வந்தபோது உங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது நான்தான். கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் கைப்பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்வது என் தொழில்.

அன்றைக்கு நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, சபையிடம் கேட்டு, உள்ளங்கை அளவு பட்டை எடுத்து, எடுத்த இடத்தில் மெழுகும் பூசினீர்கள். நாங்கள் சந்தோசமாகத்தான் கொடுத்தோம். பிறகு உங்கள் ஆராய்ச்சி பற்றிப் பத்திரிகையில் வந்தது. மரத்தோடு நீங்கள் நிற்கும் படத்தைக் கோயில் சுவரில் ஒட்டினோம்.

அந்தப் படத்தை எடுத்து யாரோ ஒருவர் யூடியூபில் வீடியோ போட்டிருக்கிறார். "வலப்பனை நாவல் பட்டை, சீனி வருத்தம் அடியோடு போகும், பல்கலைக்கழகமே சொல்லிவிட்டது" என்று. தைப்பொங்கல் முடிந்ததிலிருந்து வேன் வேனாக ஆட்கள் வருகிறார்கள்.

சபையில் ஒழுங்காக எழுதச் சொன்னாங்க, இவ்வளவு நேரம் ஒழுங்காத்தான் எழுதினேன். இனி முடியல மிஸ். மரத்த உரிச்சிட்டாங்க. கைக்கு எட்டுற உயரத்துல, ஒரு முழம் அகலத்துக்கு, சுத்தி வர உரிச்சிட்டாங்க. வெள்ளையா, தோலுரிச்ச ஆடு மாதிரி நிக்குது. சாமி கும்பிடப் போனா அந்தப் பக்கம் பார்க்க முடியல.

உங்க போன் நம்பர் என்கிட்ட இருக்கு. எடுத்தா கத்திருவேன், அதனாலதான் கடிதம். இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?

பூரணி
செயலாளர்

---

இரசாயனவியல் துறை,
கண்டி.
29 பெப்ரவரி 2024

பூரணி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்து மிகவும் கவலைப்பட்டேன்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லவேண்டும். நாவல் பட்டை சீனி வருத்தத்தை, அதாவது நீரிழிவை, குணமாக்கும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. சோறு, மா போன்றவற்றை நம் உடம்பு சீனியாக உடைக்கிறது. அப்படி உடைக்கும் ஒரு நொதியம் இருக்கிறது. பட்டையிலிருந்து பிரித்தெடுத்த துவர்ப்புப் பொருளைச் சேர்த்தபோது அந்த நொதியம் மெதுவாக வேலை செய்தது. நடந்தது இவ்வளவுதான், அதுவும் கண்ணாடிக் குழாய்க்குள்ளே. மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கவில்லை. ஓர் எலிக்குக்கூடக் கொடுக்கவில்லை. என் கட்டுரையிலும் "குணமாக்கும்" என்று சொல்லவில்லை, நிருபரிடமும் சொல்லவில்லை. அந்த வீடியோக்காரரை எனக்குத் தெரியாது. அவர் என்னிடம் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

மரத்தைச் சுற்றிக் கம்பிவேலி போடுவது நல்லது. பொலிஸில் ஒரு முறைப்பாடு கொடுத்து வையுங்கள். இதற்கு மேல் என்னால் என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
எம். எம். ஸில்மியா

---

ஊத்துமலை.
10 மார்ச் 2024

மிஸ்,

கடிதம் கிடைச்சது. சொல்லல, சொல்லலன்னு ஒரே பக்கத்துல எத்தன தரம் எழுதியிருக்கீங்க! சரி, நம்புறேன். ஆனா சொல்லலன்னு எனக்கு மட்டுந்தானே எழுதியிருக்கீங்க? அந்த வீடியோவப் பார்த்த அத்தன பேருக்கும் எப்ப சொல்லப் போறீங்க?

என் அக்கா மீனம்மாவப் பத்தி எழுதுறேன், கேளுங்க. கொழுந்தெடுக்கிறவ. சீனி வருத்தம் வந்து அஞ்சாறு வருசம். கிளினிக்குல குடுத்த மாத்திரைய ஒழுங்காத்தான் போட்டுக்கிட்டிருந்தா. வேன்ல வந்த சனமெல்லாம் பட்டைய அள்ளிக்கிட்டுப் போறதப் பார்த்துட்டு, "எங்கிருந்தோ வந்தவங்க குடிக்கிறாங்க. நம்ம மரம், நம்ம சாமி, நான் குடிச்சா என்னா"ன்னு இவளும் அவிச்சுக் குடிச்சிருக்கா. மாத்திரையெல்லாம் அரிசி வாளிக்குள்ள கெடந்துச்சு. வேல செய்யிறப்போ தேயிலச் செடியோட வாதுக் குச்சி குத்தி கால் விரல்ல ஒரு புண்ணு. யாருக்கும் காட்டல. கால் கறுத்து, காய்ச்சல் வந்து, தன் நெனவில்லாம பேச ஆரம்பிச்ச பொறகுதான் எங்களுக்கே தெரியும். அத்தான் மாயாண்டியும் நானும் லொறியில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

ரெண்டு நாள்ல நெனவு தெளிஞ்சதும் டொக்டர் கேட்டாரு, "மாத்திரைய நிப்பாட்டச் சொன்னது யாரு?"

அக்கா போன எடுத்து உங்க படத்தக் காட்டினா.

நான் பக்கத்துல நின்னேன் மிஸ். இல்லன்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அந்தப் படத்துல நீங்க சிரிச்சுக்கிட்டு நிக்கிறீங்க.

ஒரு விரல எடுக்கணும்னு சொல்றாங்க. கால் தப்புமான்னு இன்னும் தெரியல.

பதில் எழுதணும்னா எழுதுங்க. முறைப்பாடு, கம்பிவேலின்னு எழுதுறதா இருந்தா வேணாம்.

பூரணி

---

கண்டி.
24 மார்ச் 2024

பூரணி அக்காவுக்கு,

அக்கா என்று எழுதுவது உங்களுக்குப் பிடிக்குமோ தெரியாது. மீனம்மா அக்காவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? முதலில் அதைச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்று நோன்பு திறக்க உட்கார்ந்தவள் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டேன். தலவாக்கலையிலிருந்து உம்மா வந்திருந்தார். கடிதத்தை வாங்கிப் படித்தார். "அந்தப் பிள்ளை கேட்கிறது சரிதானே மகள்?" என்றார்.

நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. பத்திரிகையில் அந்தச் செய்தி வந்த பிறகுதான் மருந்து விற்கும் ஒரு கம்பனி என் ஆராய்ச்சிக்கு உதவ முன்வந்தது. பட்டைத் தூளைக் குளிசையாக்கி விற்பது அவர்களின் நோக்கம். நான் வெளியில் வந்து "இன்னும் எதுவும் நிரூபணமாகவில்லை" என்று சொன்னால் அவர்கள் விலகிவிடுவார்கள். என் பேராசிரியர் "கொஞ்ச நாள் பொறுங்கள்" என்றார். பொறுத்தேன்.

நேற்று ஒரு வீடியோ எடுத்துப் போட்டேன். தமிழிலும் சிங்களத்திலும் பேசியிருக்கிறேன். இது சோதனைக் குழாயில் கண்டது மட்டுமே, மாத்திரையை நிறுத்தாதீர்கள், அந்த மரத்தைத் தொடாதீர்கள் என்று. கம்பனியிடமிருந்து இன்று காலையே அழைப்பு வந்தது. பரவாயில்லை.

இப்போது மரம். சுற்றி வர உரித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இலை இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறதா? அதைப் பார்த்து ஏமாறவேண்டாம். வேரிலிருந்து தண்ணீர் மரத்தின் உள்கட்டை வழியாக மேலே போகும், அது போய்க்கொண்டுதான் இருக்கும். ஆனால் இலை செய்கிற சீனி, பட்டையின் உட்புறம் வழியாகத்தான் வேருக்கு இறங்கவேண்டும். அந்த வழி அறுந்துவிட்டது. வேர் பட்டினி கிடக்கிறது. சில மாதங்களில் மரம் முழுவதும் போய்விடும். அந்தத் துவர்ப்புப் பொருளும் நமக்காக அங்கே இருப்பதில்லை. பூச்சியும் பூஞ்சணமும் உள்ளே நுழையாமல் மரம் தனக்காகச் செய்து வைத்தது.

தாவரவியல் துறையில் என் சிநேகிதி தனுஜா இருக்கிறாள். அவளிடம் கேட்டேன். பாலம் போட்டு ஒட்டுவது என்று ஒரு முறை உண்டாம். அதே மரத்தின் இளங்குச்சிகளை வெட்டி, ஒரு முனையைக் காயத்துக்குக் கீழே உள்ள பட்டைக்குள்ளும், மறுமுனையை மேலே உள்ள பட்டைக்குள்ளும் செருகி மெழுகு பூசவேண்டும். பிடித்துக்கொண்டால் சீனி அந்தக் குச்சிகள் வழியாக இறங்கும். பிடிக்காமலும் போகலாம். நாவலில் அவள் இதுவரை செய்து பார்த்ததில்லை.

சபை சம்மதித்தால் வருகிறோம்.

ஸில்மியா

---

ஊத்துமலை.
3 ஏப்ரல் 2024

ஸில்மியா மிஸ்ஸுக்கு,

அக்கான்னே எழுதுங்க. நான் மிஸ்னுதான் எழுதுவேன், கை அப்பிடிப் பழகிருச்சு.

விரல எடுத்துட்டாங்க. ஆனா கால் தப்பிருச்சு. காய்ச்சல் இல்ல. ஆஸ்பத்திரிச் சோத்துல உப்பில்ல, ஒறைப்பில்லன்னு சண்ட போடுறா. அதக் கேட்டதும் எனக்கு உசிரு வந்துச்சு.

உங்க வீடியோவ வார்ட்டுல வச்சு நானே அக்காவுக்குக் காட்டினேன். முழுசாப் பார்த்தா. "இந்தப் புள்ள இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா"ன்னா. போனத் திருப்பிக் குடுத்துட்டு, "சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனோ என்னமோ"ன்னா. ரெண்டையும் அப்பிடியே எழுதுறேன்.

சபையக் கூட்டினோம். பெரிய சத்தம். சாமி மரத்துல கத்தி வைக்கிறதான்னு ஒருத்தர். அத்தான் சபையில வாயே தொறக்காத மனுசன். அன்னிக்கு எந்திரிச்சாரு. "நான் வருசம் பூரா கத்தி வைக்கிறவன். கவ்வாத்து வெட்டினாத்தான் தேயில தளிர்க்கும். இந்தச் சாமியே கத்தி புடிக்கிறவங்க கும்பிடுற சாமி. தப்பா வெட்டினவங்கள விட்டுட்டு, சரியா வெட்ட வாறவங்களத் தடுக்காதீங்க"ன்னாரு.

பொறகு இன்னொருத்தர், பேரு எழுதல, முஸ்லிம் பொம்பள கோயில் மரத்துல கை வைக்கிறது சரியான்னு கேட்டாரு. எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. "பேப்பர்ல படம் வந்தப்போ கோயில் செவுத்துல ஒட்டினது நீங்கதானே அண்ணே? அப்ப தெரியலையா?"ன்னேன். அவரு உக்காந்துட்டாரு.

சம்மதம். உங்க பெருநாளும் எங்க சித்திர வருசப் பொறப்பும் அடுத்தடுத்து வருது. ரெண்டும் முடியட்டும், வாங்க. அத்தானுக்கு என்னென்ன கத்தி வேணும்னு எழுதுங்க. ஒரு வாரமாத் தீட்டிக்கிட்டே இருக்காரு.

பூரணி

---

கண்டி.
6 மே 2024

அன்புள்ள பூரணி அக்காவுக்கு,

வந்து போனதிலிருந்து எழுதவேண்டும் என்று நினைத்து இன்றுதான் எழுதுகிறேன். காலில் அட்டை கடித்த இடம் இன்னும் அரிக்கிறது. எனக்கு ஒன்று, தனுஜாவுக்கு ஏழு. அதை எல்லோரிடமும் விருது வாங்கியதுபோல் சொல்லித் திரிகிறாள்.

அன்று மழை வந்தபோது எல்லாம் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஈரத்தில் மெழுகு ஒட்டாது. நீங்கள் லயத்து வீடுகளுக்கு ஓடிப்போய்க் கொழுந்துக்காரப் பெண்கள் போர்த்தும் பொலித்தீனை எல்லாம் வாங்கி வந்து மரத்துக்குப் பந்தல் போட்டுவிட்டீர்கள். அந்தப் பந்தலுக்குள் மாயாண்டி அண்ணன் குச்சியின் முனையைச் சீவி, தனுஜா பட்டையைத் தூக்கிப் பிடிக்க, குச்சியை மரத்தோடு அறைய நான் சின்ன ஆணி எடுத்துக் கொடுக்க, நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடப் பயந்துகொண்டிருந்தோம். மீனம்மா அக்கா கட்டுப்போட்ட காலோடு கதிரையில் இருந்து, "மெதுவா, மெதுவா, அதுவும் ஆப்பரேசன்தான்" என்று சொன்னதில்தான் எல்லோரும் சிரித்தோம். உம்மா கொடுத்துவிட்ட இனிப்பு வட்டிலப்பத்தை மீனம்மா அக்கா எட்டிப் பார்த்ததையும், நீங்கள் முறைத்ததையும் உம்மாவிடம் சொன்னேன். அடுத்த முறை சீனி இல்லாத ஏதாவது செய்து தருவாராம்.

கம்பனி நிதியை நிறுத்திவிட்டது. பேராசிரியர் என்னோடு அளவாகத்தான் கதைக்கிறார். யூடியூபில் என் வீடியோவுக்குக் கீழே வந்தவற்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மருந்துக் கம்பனியிடம் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறாளாம். என் மார்க்கத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். பார்க்கக்கூடாது என்று வைத்தாலும் பார்த்துவிடுகிறேன்.

தனுஜா சொன்னவை: மெழுகு வெடித்தால் உடனே பூசுங்கள். பாலக் குச்சியில் மொட்டு வந்தால் கிள்ளிவிடுங்கள். அதன் வேலை இலை விடுவதில்லை, ஊட்டத்தைக் கடத்துவது. யாரும் தொட்டு அசைக்கக் கூடாது.

வெட்டி மிஞ்சிய சிறு கிளைகளைப் பையில் போட்டு எடுத்து வந்தேன். வீசுவதற்கு மனம் வரவில்லை.

அன்புடன்,
ஸில்மியா

---

ஊத்துமலை.
16 ஜூன் 2024

ஸில்மியா மிஸ்ஸுக்கு,

நல்லது மட்டும் எழுதணும்னு காத்திருந்தேன். அப்பிடிப் பார்த்தா எழுதவே முடியாது போல.

ஆறு குச்சியில ரெண்டு காஞ்சிருச்சு. தொட்டதும் கையோட வந்துச்சு. மத்த நாலும் பச்சையா இருக்கு, ஆனா பிடிச்சிருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியல. மேற்குப் பக்கத்துக் கொப்புல எல மஞ்சளாகிக் கொட்டுது. காலையில பிள்ளைக்காம்பராவத் தொறக்க முந்தி போய்ப் பார்த்துட்டுத்தான் வாறேன். கொட்டிக் கெடக்குற எலய எண்ணிப் பார்க்குறேன்.

போன கிழம மழையோட மழையா ஒருத்தர் வந்து, பாலம் போட்ட பொறகு நாங்க கட்டின வேலியத் தாண்டிட்டாரு. கையில கத்தி. அக்கா அங்கதான் இருந்தா. இப்ப மலையேறி வேலைக்குப் போக முடியாது, பகல்ல கோயில்ல உக்காந்து பூ கட்டுறா. ஒரு கத்து கத்தியிருக்கா. அந்தாளு மட்டக்களப்புல இருந்து வந்தவராம். மகளுக்குச் சின்ன வயசுலயே சீனி வருத்தமாம், அழுதுட்டாரு. அக்காவுக்கு அவர ஏச முடியல. செருப்பக் கழட்டிக் கால நீட்டிக் காட்டியிருக்கா, விரல் இல்லாத எடத்த. "புள்ளைக்கு ஊசிய மட்டும் நிப்பாட்டிராதீங்கய்யா"ன்னு கும்பிட்டிருக்கா. அவரு கத்தியப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டாரு.

கமெண்டெல்லாம் பார்த்தேன். உங்கள ஏசினவங்களுக்கு நானும் பதில் எழுதினேன். என் பேரு, தோட்டம், பதவி எல்லாம் போட்டு. "மரம் எங்க மரம், கால் எங்க அக்கா கால், நீங்க யாரு"ன்னு கேட்டேன். மகன்தான் எழுத்துப்பிழை பார்த்துக் குடுத்தான்.

மரம் செத்துப் போனா நான் உங்களத் திட்ட மாட்டேன் மிஸ். அத எழுதத்தான் இந்தக் கடிதத்தத் தொடங்கினேன்.

பூரணி

---

கண்டி.
14 ஜூலை 2024

அன்புள்ள பூரணி அக்காவுக்கு,

உங்கள் கடைசி வரியைப் பலமுறை படித்தேன். நன்றி என்று எழுதினால் போதாது.

தனுஜாவிடம் இலை கொட்டுவதைச் சொன்னேன். "நாலு பாலம் பச்சையாக இருந்தால் நாலு பாலம் வேலை செய்கிறது, காய்ந்ததை எண்ணாமல் அதை எண்ணு" என்கிறாள். ஒரு கொப்பு போனாலும் மரம் தப்பலாம் என்கிறாள்.

இப்போது என் செய்தி. அன்று எடுத்து வந்த சிறு கிளைகளைக் காயவைத்து, நிதி இல்லாவிட்டாலும் ஆய்வுகூடத்தில் இருந்ததை வைத்தே சோதித்துப் பார்த்தேன். அதே துவர்ப்புப் பொருள் அந்தக் கிளைப் பட்டையிலும் இருக்கிறது. அடிமரத்தில் இருந்ததைவிட மிகக் குறைவு என்று சொல்ல முடியாது. எனக்கே நம்பிக்கை வராமல் மறுபடியும் செய்தேன், அதே விடைதான் வந்தது. புரிகிறதா அக்கா? இதற்காக இனி எந்த மரத்தின் அடியையும் தொடவேண்டியதில்லை. வருடா வருடம் கவ்வாத்து வெட்டுவதுபோலச் சின்னக் கிளைகளை வெட்டினால் போதும், மரம் திரும்பத் தளிர்த்துக்கொள்ளும்.

பேராசிரியரிடம் கொண்டுபோய் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார். "இதை முறையாகச் செய்வோம்" என்றார். மருத்துவ பீடத்தில் ஒரு டொக்டர் சேர்ந்துகொள்ளச் சம்மதித்திருக்கிறார். முதலில் விலங்குகளில், அது பாதுகாப்பானால் பிறகு விரும்பி வரும் நோயாளிகளில், அவர்களுடைய மாத்திரையை நிறுத்தாமல். பல வருடம் எடுக்கும். கடைசியில் "பயனில்லை" என்றும் முடியலாம். எந்த விடை வந்தாலும் முதலில் உங்கள் சபைக்குச் சொல்வேன், பத்திரிகைக்கு அல்ல.

பயமாகவும் இருக்கிறது, சந்தோசமாகவும் இருக்கிறது. ஆய்வுகூடத்துக்குள் போகும்போது இப்படி இருந்து நீண்ட காலம்.

அன்புடன்,
ஸில்மியா

---

ஊத்துமலை.
25 ஆகஸ்ட் 2024

ஸில்மியாவுக்கு,

இந்தத் தரம் மிஸ் போடல. மகன் சிரிக்கிறான்.

மேற்குக் கொப்பு போயிருச்சு. அத்தான் அத அறுத்து எடுத்துட்டாரு. ஆனா மத்த எல்லாக் கொப்புலயும் தளிர் விட்டிருக்கு! செம்பு நெறத்துல, பிசுக்குப் பிசுக்குன்னு, பொறந்த புள்ளையோட காது மாதிரி. தினம் கைப்பிள்ளைங்களத் தூக்குறவ நான், எனக்குத் தெரியும். நாலு பாலமும் தடிச்சிருக்கு. போட்டப்போ பென்சில் மொத்தம், இப்ப என் பெருவிரல் மொத்தம். காயத்தோட ஓரத்துலயும் உதடு மாதிரி புதுப் பட்டை உருண்டு வருது. தனுஜாகிட்ட சொல்லுங்க, நாலுதான் எண்ணினேன்.

சபையில உங்க கடிதத்த வாசிச்சேன். கிளை குடுக்க எல்லாரும் சம்மதம். முன்ன உங்களப் பத்தி ஒரு மாதிரிக் கேட்டாரே ஒரு அண்ணன், அவருதான் மொதல்ல கை தூக்கினாரு. வெட்டுறது அத்தான் மட்டுந்தான்னும் முடிவு.

இன்னொரு விசயம். தோட்டத்து மருந்துச்சாலையில மாசத்துக்கு ஒருக்கா சீனி பார்க்கணும்னு நாங்க குடுத்த மனு சரி வந்திருச்சு. வீடியோவப் பார்த்து வாற சனத்துக்கும் சேர்த்துப் பார்க்கிறாங்க. அக்கா சீனி மூணு மாசமா அளவுக்குள்ள நிக்குது. பிள்ளைக்காம்பராவுல எனக்கு உதவியா அவளச் சேர்த்துக்கச் சொல்லி எழுதியிருக்கேன். உக்காந்து செய்யிற வேலதானே. கெடைக்கும்னுதான் தோணுது.

இன்னும் ஆட்கள் வாறாங்க. முந்தி மாதிரி இல்ல, ஒண்ணு ரெண்டு பேரு. நேத்து மஸ்கெலியாவுல இருந்து புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாங்க. கையில பை. நான் வேலியச் சரி பண்ணிக்கிட்டு நின்னேன். நான் வாய் தொறக்க முந்தி அக்கா நொண்டி நொண்டி எந்திரிச்சுப் போயிட்டா.

"இன்னிக்கு மாத்திர போட்டீங்களா?"ன்னு கேட்டா.

அந்தம்மா முழிச்சிச்சு. "இல்ல, இந்தப் பட்டைய குடிச்சுப் பார்த்துட்டு..."

"பையில இருக்கா?"

"இருக்கு."

"எடுங்க."

பாறையில உக்கார வச்சு, தண்ணி மோந்து குடுத்து, மாத்திரைய முழுங்குற வரைக்கும் இடுப்புல கை வச்சுக்கிட்டு நின்னா. பொறகு சீனி போடாத தேத்தண்ணி ஊத்திக் குடுத்து, கிளினிக் என்னிக்குன்னு சொல்லி, கூட்டிக்கிட்டுப் போய் மரத்தக் காட்டினா. அந்தம்மா பாலத்தப் பார்த்து, "இது என்னாது அக்கா, மரத்துக்கு ஊண்டுகோலா?"ன்னு கேட்டிச்சு.

"இல்ல தங்கச்சி, இதுக்கும் மருந்து நடக்குது"ன்னா அக்கா. "நடுவுல நிப்பாட்டக் கூடாது."

அன்புடன்,
பூரணி அக்கா